எலி வளையானாலும் தனி வளை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். வீட்டில் பெரிய பாம்பை வளர்ப்பவர், அதற்கு இரையாகும் எலிகளை எங்கே வைத்துப் பேண வேண்டும் என்பதே அப்பொருள். “எலியைத் துரத்துவதற்கே எங்களுக்கு நேரம் போதவில்லை, இவர் எலி வளர்ப்பதைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே!” என்று நீங்கள் நகைக்கலாம். ஓராண்டுக்கு முன்பு நானும் அவ்வாறே நகைத்திருப்பேன். ஆயினும், ஓர் உயிரை வளர்ப்பதற்காக மற்றோர் உயிரை வளர்க்கும்போது நம்மீது விழும் கடமை யாது என்னும் வினா, நகைத்துத் தள்ளத்தக்க வினா அன்று என்பதை இவ்வோராண்டில் கண்டுகொண்டேன். கண்டதைக் கண்டவாறு கூறுகிறேன்.

நான் மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுகிறேன். கலைப் பட்டம் பெற்றவனேயன்றி, விலங்கியல் பயின்றவன் அல்லன். தில்லியில் ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் என்னைத் தேடிச் சென்ற ஆண்டு மே மாதத்தில் ஓர் இளைஞர் வந்தார். மன்னார்குடிக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்தவர். தனியார் நிறுவனமொன்றில் வேலை. குடியிருப்பதோ ஒரு வீட்டின் மொட்டைமாடியில் கட்டப்பட்ட ஒற்றை அறை. தில்லிவாசிகள் அதனைப் ‘பர்சாத்தி’ என்பர். “சார், அரசாங்க நடை உங்களுக்குத்தான் பழக்கம். இந்த விதிகளில் ஓரிடம் எனக்கு விளங்கவில்லை, படித்துச் சொல்ல வேண்டும்” என்று சில தாள்களை நீட்டினார். அவை பாம்பு வளர்ப்பதைப் பற்றிய தாள்கள்.

அவ்விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுக் காடுகளில் வாழும் மலைப்பாம்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதனைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளின் நிலை வேறு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தை ஒழுங்கு செய்யும் உடன்படிக்கையொன்று 1973ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கையெழுத்தாயிற்று. அவ்வுடன்படிக்கையில் அடங்கிய உயிரினங்களை, நம் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நான்காம் அட்டவணையில் சேர்த்தது. அத்தகைய விலங்கை உயிருடன் வைத்திருப்போர் அதனைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ஆம் ஆண்டில் விதிகள் வெளியாயின. தென் அமெரிக்காவின் ‘போவா’ என்னும் பெரும்பாம்பு இவ்வகையைச் சேர்ந்தது. நம் இளைஞர் வளர்த்ததும் போவாவே. ஏறக்குறைய ஆறடி நீளம். அதைப் பதிவு செய்ய வேண்டும். கைம்மாறினால் அறிவிக்க வேண்டும். குட்டி ஈன்றால் அறிவிக்க வேண்டும். இறந்தாலும் அறிவிக்க வேண்டும்.

விதிகளைப் படித்துக் காட்டியபின், “வந்து பாருங்கள், சார்” என்று அழைத்தார். மறுக்க மனம் வரவில்லை, சென்றேன்.

அறையின் ஒரு மூலையில் இரும்பு அலமாரி. அதன் மேல்தட்டில் கண்ணாடிப் பெட்டி. அதனுள் பழுப்பும் செம்மையும் கலந்த பட்டுப்போலச் சுருண்டு கிடந்தது பாம்பு. பெட்டி தூய்மையாக இருந்தது. ஒரு பக்கம் வெப்பம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்குமாறு விளக்கும், வெப்பமானியும், தண்ணீர்த் தொட்டியும், ஒளிந்துகொள்ள மரப்பட்டையும் அமைத்திருந்தார். உண்மையிலேயே அக்கறையுடன் வளர்க்கிறார் என்று மகிழ்ந்தேன். அதே அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்தபோதுதான் அம்மகிழ்ச்சி குறைந்தது. அங்கே இரண்டு கம்பிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை எலிகள். பாம்புக்கும் எலிக்கும் இடையே இருந்தது இரண்டடி உயரமும் ஒரு தகடும் மட்டுமே. எலிகளின் சிறுநீர் நெடி கண்ணைக் கரித்தது. மேலேயிருந்த விளக்கின் வெம்மையும் மே மாதத்து மாடிச் சூடும் சேர்ந்து கீழ்த்தட்டு அனலாய் இருந்தது.

“இவற்றுக்கு ஏதேனும் விதி உண்டா?” என்று கேட்டேன்.

“எலிக்கு என்ன விதி, சார்! அது பாம்புக்குச் சாப்பாடு” என்றார்.

அவர் கொடுமைக்காரர் அல்லர். எலியைப் பற்றி எண்ண வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவே. என் கையிலிருந்த தாள்களிலும் பாம்பின் பிறப்புக்கும் இறப்புக்கும் இடம் இருந்ததேயன்றி, அதற்காகப் பிறந்து அதற்காக இறக்கும் எலிக்கு ஒரு வரி இல்லை.

அடுத்த நிகழ்ச்சி அரைமணி நேரத்துக்குள் நடந்தது. இளைஞர் எலிக்கூண்டைத் திறந்து தானியம் இட்டார். ஓர் எலியைக் கையில் எடுத்து எனக்குக் காட்டினார். பின்னர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பாம்பின் தண்ணீரை மாற்றுவதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே கையை நீட்டினார். பாம்பின் நாக்கு இருமுறை வெளியே வந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு நடந்ததைக் கண் பின்தொடர முடியவில்லை. அவருடைய உள்ளங்கையின் ஓரத்தை அது பற்றிக்கொண்டது; நொடிப்பொழுதில் முழங்கையைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது. நல்ல வேளையாக அவர் கையை இழுக்கவில்லை. போவாவுக்கு நஞ்சு இல்லை. ஆனால் அதன் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் சதை கிழியும். “வால் பக்கத்திலிருந்து பிரியுங்கள், சார்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. மொழிபெயர்ப்பாளனின் கடமைப் பட்டியலில் பாம்பின் வாலைப் பிடிப்பது இல்லை. ஆயினும் பிடித்தேன். நுனி வாலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துக் குளிர்ந்த நீரைப் பாம்பின் வாயருகே ஊற்றியபின், அது தானே விட்டது. மருத்துவரிடம் சென்று காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு வந்தோம்.

“என்னை அதற்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தேன்” என்று திரும்பத் திரும்பக் கூறினார் அவர்.

பாம்பு அவரைக் கடிக்கவில்லை, எலியைக் கடித்தது. இதுவே பின்னர் நூல்களைப் புரட்டியபோது எனக்கு விளங்கியது. பாம்புக்கு மணமே உலகம். வெளியே நீளும் பிளவுபட்ட நாக்கு, காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களைத் தொட்டெடுத்து வாய்க்குள் கொண்டு செல்கிறது. மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு என்னும் புலன் அவற்றை ஆராய்ந்து, ‘இரை அருகில் உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ மூளைக்குத் தெரிவிக்கிறது. மலைப்பாம்பு இனங்கள் பலவற்றுக்கு உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. போவாவுக்கு அக்குழிகள் புறத்தே தெரியாவிடினும் வெப்பத்தை உணரும் ஆற்றல் உண்டு. ஆகவே எலி மணம் கமழும் ஒரு வெதுவெதுப்பான கை, பாம்பின் கணக்கில் எலியே. அன்றியும் பாம்பு தரையின் அதிர்வைத் தாடை எலும்பின் வழியே உணர்கிறது. ஒரே இரும்பு அலமாரியில் கீழே எலி பிறாண்டினால், அவ்வதிர்வு மேலே பாம்பின் தாடையைத் தட்டும்.

இப்போது அப்பாம்பின் நிலையை எண்ணிப் பாருங்கள். வளர்ந்த போவாவுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை உணவு போதும். ஆனால் அதன் புலன்களுக்கோ இரவும் பகலும், ஒவ்வொரு மூச்சிலும், ‘இரை இங்கே இருக்கிறது’ என்னும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. தேடினால் கண்ணாடி, பாய்ந்தாலும் கண்ணாடி. இத்தகைய பாம்புகள் இரவெல்லாம் சுவரோரமாக ஊர்ந்து, மூக்கைக் கண்ணாடியிலும் மூடியிலும் உரசிப் புண்ணாக்கிக்கொள்கின்றன. பெட்டி திறக்கும் ஓசையெல்லாம் உணவுக்கான ஓசையாகிவிடுகிறது. வளர்ப்பவரின் கைக்கும் உணவுக்கும் வேறுபாடு காணப் பாம்பு பழகுவதற்கு, எலி மணம் இல்லாத நாட்கள் வேண்டும். அந்நாட்கள் அதற்குக் கிடைக்கவில்லை.

இது பாம்பின் பக்கம். எலியின் பக்கம் இதனினும் துயரமானது.

எலியும் மணத்தால் வாழும் பிராணியே. பல தலைமுறைகளாக ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து, பூனையை ஒருநாளும் கண்டிராத வெள்ளை எலிகளும், பூனையின் மணம் ஏறிய துணியை அருகே வைத்தால் உண்பதை நிறுத்தி மூலையில் ஒடுங்குகின்றன என்பதை ஆராய்ச்சியாளர் பலமுறை கண்டிருக்கின்றனர். கலிபோர்னியாவில் வாழும் தரை அணில், கொறிக்கும் இனத்தில் எலிக்கு உறவு. அது வாலில் கிலுகிலுப்பை உடைய நச்சுப்பாம்பின் உரித்த சட்டையை மென்று, அம்மணத்தைத் தன் உரோமத்தில் நக்கிப் பூசிக்கொள்கிறது. பாம்பின் மணம் இன்னதென்று அச்சிறு பிராணிக்குத் தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. எலியின் செவியோ நம் செவியினும் கூரியது. மனிதன் கேட்கும் எல்லை 20 ஆயிரம் அதிர்வுகள் வரை. எலி ஏறக்குறைய 80 ஆயிரம் வரை கேட்கும். அஞ்சிய எலி 22 ஆயிரம் அதிர்வை ஒட்டிய குரலில் அலறுகிறது. அவ்வலறல் நம் காதில் விழுவதில்லை. பக்கத்துக் கூண்டில் உள்ள எலிகளின் காதில் விழுகிறது. அமைதியாக இருப்பதாக நாம் எண்ணும் அறையில், நமக்குக் கேளாத ஓலம் இருக்கக்கூடும்.

சூன் மாதத்தில் ஒருநாள் அவ்விளைஞர் மிக்க வருத்தத்துடன் வந்தார். பெண் எலி ஒன்று பதினொரு குட்டிகள் ஈன்றதாம். மறுநாள் காலையில் நான்குதான் எஞ்சினவாம். அதற்கடுத்த நாள் ஒன்றும் இல்லையாம். தாயே தின்றுவிட்டது. எலிக்குக் கருக்காலம் 21 முதல் 23 நாட்கள்; குட்டிகள் கண் திறவாமல், மயிரின்றி, செந்நிறத் தசைத் துணுக்குகளாய்ப் பிறக்கின்றன; கண் திறப்பதற்கே இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரமும் தாய்க்கு வேண்டியது இருளும், வெதுவெதுப்பும், தண்ணீரும், அச்சமின்மையும். தண்ணீர் குறைந்தாலும், உணவில் சத்துக் குறைந்தாலும், குட்டி நோயுற்றிருந்தாலும், ஓயாத தொந்தரவும் அச்சமும் இருந்தாலும் தாய் எலி இவ்வாறு செய்வதுண்டு. அக்கீழ்த்தட்டில் இக்காரணங்களுள் எது இல்லை என்பதே வினா. வெப்பம் ஒன்றே போதும். எலிக்கு ஏற்றது 20 முதல் 26 பாகை செல்சியஸ் வரை; பாம்பின் பெட்டியில் வெம்மையான பக்கம் 30 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். எலிக்கு நம்மைப்போல் வியர்த்துக் குளிர்வதற்கு வழியில்லை. பெரும்பாலும் வாலின் வழியாகவே உடற்சூட்டைக் கழிக்கிறது. ஒருவருக்கு உகந்த அறை மற்றவருக்கு உலைக்களம். பாம்பையும் எலியையும் ஒரே அறையில் வைப்பது, இந்த ஒரு கணக்கிலேயே பிழையாகிவிடுகிறது.

அவ்வமயம் அவருடைய தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். மகன் பாம்பு வளர்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்னிடம் அவர் குறைப்பட்டது பாம்பைப் பற்றி அன்று.

“தம்பி, நீங்களாவது இவனுக்குச் சொல்லக் கூடாதா? எங்கள் வயலில் எலிக்குக் கிட்டி வைத்துப் பிடிப்போம். நெல்லைத் தின்கிறதே என்று கொல்லுவோம். வரப்பில் சாரைப்பாம்பு எலியை விழுங்குவதையும் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் வேறு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே. இந்த எலிக்கு அதுகூட இல்லையே! விடிந்தால் பாம்பு முகத்தில் விழிக்கிறது, இருட்டினாலும் பாம்பு முகம்தான்” என்றார்.

அப்பழமொழியை நாம் எல்லோரும் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தியிருக்கிறோம். ஊர்விட்டு ஊர் வந்து, பிறர் வீட்டில் ஒண்டியிருந்து, பிறகு சிறிதாயினும் தனியாக ஒரு வீடு பிடித்தவர்களுக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும். எலியைப் பற்றியே எண்ணி அப்பழமொழியை ஒருவர் சொல்ல நான் கேட்டது அதுவே முதல் தடவை.

வயல் எலியின் வளையை நீங்கள் தோண்டிப் பார்த்திருந்தால் அந்த அம்மையாரின் கருத்து விளங்கும். அது வெறும் துளை அன்று. நெல்மணிகளைச் சேர்த்து வைக்கக் களஞ்சியம். குட்டிகளுக்குப் புல் பரப்பிய அறை. இவற்றோடு, தளர்ந்த மண்ணால் மெல்ல மூடிவைத்த தப்பும் வழிகள். பாம்பு ஒருபுறம் நுழைந்தால், எலி மறுபுறம் மண்ணை முட்டிக்கொண்டு வெளியேறும். எலி பிடிக்கும் தொழிலில் வல்லவர்கள் முதலில் தேடி அடைப்பது இவ்வழிகளையே. இயற்கையில் எலியும் பாம்பும் அண்டை வீட்டார் என்பது மெய். மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு, கொறிக்கும் பிராணிகளின் வளைகளிலேயே பெரும்பொழுதைக் கழிக்கிறது. “காட்டில் அருகருகே வாழ்பவை வீட்டில் வாழ்ந்தால் என்ன?” என்று இதைக் காட்டிச் சிலர் வாதிடுவர். காட்டில் அஞ்சிய எலிக்கு ஓட இடம் உண்டு. ஓடிய பின்னர் அச்சம் தீர்கிறது. கூண்டில் அஞ்சிய எலி அஞ்சிக்கொண்டே இருக்கிறது. பாம்புக்கும் அவ்வாறே, காட்டில் இரையின் மணம் அதனை இரையிடம் சேர்க்கும், கண்ணாடிக்குள் எங்கும் சேர்க்காது.

இவ்விடத்தில் என் தொழிலைச் சார்ந்த ஒரு செய்தியையும் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலத்தில் இவ்வெலிகளை ‘ஃபீடர்’ என்கின்றனர். தமிழில் ஒரு சொல் தேடினேன். ‘தீவனம்’ என்பது மனிதன் கொண்டுவந்து இடுவது. ‘இரை’ என்பது விலங்கு தானே தேடிக் கொள்வது. இந்த எலி பாம்பின் பார்வையில் இரை. வளர்ப்பவரின் பார்வையில் தீவனம். தன் அளவில் அது ஓர் உயிர். ‘இரை எலி’ என்றே எழுதினேன். பின்னர் சட்டத்தைப் பார்த்தேன். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, காகத்தோடும் பழந்தின்னி வௌவாலோடும் எலியையும் தீங்குயிர் என்று வகுத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வட்டவணை நீங்கிற்று. அதற்கும் முந்தியது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டம் ‘விலங்கு’ என்பதற்கு, மனிதன் அல்லாத எந்த உயிரும் என்று பொருள் வரையறுக்கிறது. எலியும் அதில் அடங்கும். நடமாடப் போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டில் ஒரு விலங்கை அடைப்பது அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். கேளிக்கைக்காக மட்டுமே ஒரு விலங்கை மற்றொன்றுக்கு இரையாகுமாறு அடைத்து வைப்பதும் குற்றம். “எலிக்கு என்ன விதி!” என்ற கேள்விக்கு விடை, அவர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது.

பெரிய பாம்பை வாங்குவோர் முதலில் எண்ண வேண்டியதும் இந்த எலிகளைத்தான். பாம்பு ஒன்று, ஆனால் அதன் வாழ்நாள் முழுதும் அதற்கு உணவாகும் உயிர்கள் பல நூறு. போவா 20, 30 ஆண்டுகள் வாழக்கூடியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர விலங்குக்காட்சி சாலையில் 1961ஆம் ஆண்டு முதல் வாழ்ந்த பந்து மலைப்பாம்பு ஒன்று, அறுபது வயதைக் கடந்த நிலையில் 2020ஆம் ஆண்டில் முட்டையிட்டது. இத்தனை ஆண்டுகள் உணவும் இடமும் அளிக்க முடியாமற் போனால் விளைவது என்ன? ஃபுளோரிடா மாநிலத்தைக் கேட்டால் சொல்லும். வீடுகளில் வளர்க்கவென்று இறக்குமதியான பர்மிய மலைப்பாம்புகளுள், தப்பியவையும், வளர்ப்பவர் கைவிட்டவையும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அப்பாம்புகள் நெடுங்காலமாகப் பரவியிருந்த பகுதிகளில் ரக்கூன் என்னும் விலங்கு காணப்படுவது 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது என 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறிற்று. அப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017ஆம் ஆண்டில் அங்கே அழைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? நம் செங்கற்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். முதல் எட்டு நாட்களில் பதின்மூன்று பாம்புகளைப் பிடித்தனர். 2023ஆம் ஆண்டில் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. எங்கோ ஒரு வீட்டில், ‘இதற்கு இனி உணவு தர இயலாது’ என்று ஒருவர் கைவிட்ட சுமை, கடல் கடந்து இருளரின் தோளில் ஏறியது.

இனி, செய்யத்தக்கது யாது? பட்டறிந்தவர்களிடமும் கால்நடை மருத்துவரிடமும் கேட்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, எலிக்குத் தனியறை வேண்டும். கதவு சாத்தக்கூடியதாய், வெயில் தாக்காததாய், காற்றோட்டம் உள்ளதாய் இருத்தல் வேண்டும். ஓர் அறையின் காற்று மற்ற அறைக்குச் செல்லலாகாது. தனியறைக்கு வழியில்லாதவர், வீட்டில் எலி வளர்க்காதிருப்பதே நன்று. ஒரே அலமாரியில் வைப்பது எந்நிலையிலும் தகாது.

இரண்டாவது, எலி கூடி வாழும் பிராணி, தனியே அடைக்கலாகாது. ஆணும் பெண்ணும் ஐந்து வார வயதுக்குள் பிரிக்கப்படாவிடில், எண்ணிக்கை நம் கையை மீறும். கூண்டில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும், கடிக்க மரத்துண்டும் வேண்டும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. சிறுநீர் ஊறிய படுக்கையை அடிக்கடி மாற்றாவிடில், அதிலிருந்து எழும் அம்மோனியா நெடி எலியின் நுரையீரலைக் கெடுக்கும். நமக்கு நெடி தெரிகிறது என்றால், தரையோடு மூக்கை வைத்து வாழும் அதற்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

மூன்றாவது, வேலையின் ஒழுங்கு. முதலில் பாம்பைக் கவனித்துவிட்டு, அதன்பின் எலிகளிடம் செல்லுதல் நன்று. முறை மாறினால், சோப்பிட்டுக் கை கழுவி, மேற்சட்டையையும் மாற்ற வேண்டும். கழுவாத கை நோயையும் கொண்டு செல்லும். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லாக் கிருமி இருப்பது இயல்பு. எலிக்கடியாலும் எலிச் சிறுநீராலும் வரும் காய்ச்சல்களும் உண்டு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதனை இருமடங்கு எண்ண வேண்டும்.

நான்காவது, உயிருள்ள எலியைப் பாம்பின் பெட்டிக்குள் விடலாகாது. பாம்புக்குப் பசி இல்லாவிட்டாலோ, அது சட்டை உரிக்கும் பருவத்தில் இருந்தாலோ, மூலையில் சிக்கிய எலி பாம்பைக் கடித்துவிடும். கண்ணை இழந்த பாம்புகளும் உண்டு. முன்னரே வலியின்றிக் கொல்லப்பட்ட எலியை நீண்ட இடுக்கியால் நீட்டுவதே இரு உயிர்களுக்கும் நன்மை. உறைய வைத்த எலியைப் பயன்படுத்துவோர், வீட்டார் உணவு வைக்கும் குளிர்பெட்டியில் அதனை வைக்கலாகாது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில், இவ்வாறு விற்கப்பட்ட உறைந்த எலிகளின் வழியே சால்மொனெல்லா பரவியமையால், அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது.

நம் இளைஞர் என்ன செய்தார் என்று அறிய விரும்புவீர்கள். வீட்டுக்காரரிடம் பேசி, கீழே மாடிப்படிக்கு அடியில் கிடந்த சரக்கறையைச் சிறு வாடகைக்குப் பெற்றார். அது குளிர்ந்த அறை. சாத்துவதற்குக் கதவும் உண்டு. தாயும் மகனுமாகச் சேர்ந்து அதனைக் கழுவி வெள்ளையடித்தனர். ஒளிவதற்கு மண்சட்டியைக் கவிழ்த்து வாய் உடைத்துக் கொடுத்தவர் அந்த அம்மையாரே. எலிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். வலியின்றி உயிர் நீக்கும் முறையைக் கால்நடை மருத்துவர் கற்பித்தார். முதன்முறை அதைச் செய்த அன்று அந்த இளைஞர் இரவு உணவு கொள்ளவில்லை என்று அவருடைய தாயார் என்னிடம் சொன்னார். “பாம்பு செய்துகொண்டிருந்தபோது தெரியவில்லை, சார், நானே செய்யும்போதுதான் தெரிகிறது” என்றார் அவர். அந்தத் துன்பத்தை நான் ஆற்ற முயலவில்லை. பாம்பை வளர்க்கும் வரை அது அவருடன் இருக்க வேண்டிய துன்பமே.

இரண்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் சென்றேன். பாம்பின் மூக்கில் இருந்த உரசல் ஆறியிருந்தது. தண்ணீர் மாற்றக் கை நீட்டியபோது, நாக்கை நீட்டி மணம் பார்த்துவிட்டு, அது தன் மரப்பட்டைக்குள் சென்றுவிட்டது. கீழே சரக்கறையில் ஒரு தாய் எலி, காகிதத் துண்டுகளால் கூடு கட்டி, ஒன்பது குட்டிகளை மூடிப் படுத்திருந்தது. எங்களைக் கண்டும் எழவில்லை. அவற்றுள் சில பாம்புக்கு உணவாகும் என்பதை நான் மறக்கவில்லை. அதற்கு முன் வாழும் நாட்கள் அவற்றுக்கு உரியவை. அந்நாட்களை அச்சமின்றிக் கழிக்க இடம் தருவது நம்மால் இயலும்.

நேயர்களே, உங்களுள் மிகப் பலர் பாம்பு வளர்க்கப் போவதில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் பெருநகரங்களில் வளர்கின்றனர்; அங்கே விலை கொடுத்தால் எந்த நாட்டு உயிரையும் வாங்கலாம் என்னும் ஆசை அவர்களுக்கு எளிதில் எழும். நாளை ஒருநாள் உங்கள் மகனோ மகளோ அத்தகைய விருப்பத்துடன் உங்கள்முன் நிற்கக்கூடும். அப்போது, ‘அது என்ன தின்னும்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘அதற்கு உணவாவது எங்கே வாழும்?’ என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தக்க விடை கிடைத்தாலன்றிச் சம்மதம் தராதீர்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பதை, வாடகை வீடுகளில் வாழ்ந்தறிந்த நம்மைக் காட்டிலும் நன்கு உணர்ந்தவர் யார்?